மூணு வாரக் காமாலை

வெள்ளைக் கார் ஒன்று மண் பாதையில் முனகிக்கொண்டே ஏறி வந்து வேங்கை மரத்தடியில் நின்றபோது, இளவேனில் மூன்றாவது டெண்டின் கயிற்றை முளையில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார். அந்தப் பக்கம் அவர் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் இளவேனிலின் கையிலிருந்து கயிறு நழுவியது. டெண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நிமிர்த்தக்கூட நிற்காமல் அவள் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

வந்தவள் மாலினி. திருச்சியில் இளவேனிலோடு லேப் டெக்னீஷியன் டிப்ளமா படிப்பவள். உயிர்த்தோழி என்று சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவள். மத்தியானம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், மாலினியின் டப்பாவிலிருந்து பாதித் தயிர்சாதம் இளவேனிலுக்கு வரும். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் இப்போது அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் போதும், மூன்று வாரமாகக் கட்டிக் காத்தது எல்லாம் போய்விடும்.

இளவேனிலின் அப்பா நல்லதம்பியும் அம்மா ராக்கம்மாளும் பச்சைமலையில் அந்த முகாமைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இடம் துறையூர்க்காரர் ஒருவருடையது. ஆறு டெண்ட், ஒரு சமையல் கொட்டகை, தகரக் கூரை போட்ட கழிப்பறை இரண்டு. கரண்ட் கிடையாது. தண்ணீர் ஊற்றிலிருந்து குடத்தில் வரும். சனி, ஞாயிறுகளில் திருச்சி துவாக்குடிப் பக்கம் காலேஜில் படிக்கிற பையன்களோ, குடும்பத்தோடு யாராவதோ வருவார்கள். காட்டுப் பாதையில் அருவிவரை நடப்பார்கள், சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள், மறுநாள் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் மரவள்ளிக் கொல்லையில் இருப்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இளவேனில் துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்கிறார்கள் என்றாள். அவர்கள் நம்பினார்கள். படிக்கிற பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்.

நடந்தது வேறு. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் பயிற்சி போட்டிருந்தார்கள். ஹாஸ்டலிலிருந்து டவுன் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு வாரம் ஒழுங்காகப் போனாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது கை நடுங்கவும் இல்லை. ஒரு நாள் காலை, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கடைசியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஸ்ரீரங்கம் பஸ் புறப்பட நின்றது, ஏறி உட்கார்ந்துகொண்டாள். காவேரிப் பாலம் தாண்டி ராஜகோபுரத்தருகே இறங்கி, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பவும் பஸ் ஏறினாள். பஸ் ஓடுகிறவரைக்கும் நெஞ்சு சும்மா இருந்தது. நின்றால் படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் துறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

மலைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. விடிந்ததும் அருவிக்குப் போகும் பாதையில் நடப்பாள், திரும்புவாள், மறுபடி போவாள். உட்கார்ந்து சாப்பிட்ட நாளே இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து சாப்பிடுவாள்.

"வேணி, அந்த டெண்ட் சாஞ்சு கெடக்கு, எங்க போன நீ?" என்று ராக்கம்மாள் கூப்பிட்டாள். வீட்டில் அவள் பெயர் வேணிதான்.

"தலை வலிக்குதும்மா."

"இப்பத்தானே நல்லா இருந்த. தண்ணி கொண்டுபோய்க் குடு, வந்தவங்க ஒக்காந்திருக்காங்க பாரு."

தப்ப வழியில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சொம்போடு போனாள். பெரியவர் கையிலிருந்த நடைக்கோலை நீட்டி மடக்கி நல்லதம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மாலினியின் அப்பா, பெயர் தேசிகன். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காடு, மலை, டெண்ட் என்று வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை ஏறிப்போனவர். அவர் மனைவி பூமா ராக்கம்மாளிடம், "எங்களுக்குன்னு நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். ஆத்துலேர்ந்தே தளிகை பண்ணிக் கொண்டுவந்துட்டேன். புளியோதரை, தயிர்சாதம், எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலினி நிமிர்ந்தாள். இளவேனிலைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.

இளவேனிலுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாலினி ஏன் பயப்பட வேண்டும்? அதுதான் புரியவில்லை. மத்தியானம் முழுக்கக் கொட்டகைக்கும் ஊற்றுக்குமாக நடந்தாள். நிறைந்த குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள். அம்மா அதையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் நல்லதம்பி விருந்தாளிகளை மொட்டைப்பாறைக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். அங்கே நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். பூமா முழங்காலைக் காட்டி, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்கோ" என்றாள். "வேணி, நீயும் கூடப் போ. அந்தப் பொண்ணு பின்னால தங்கிப்போனா பாத்துக்க" என்றாள் ராக்கம்மாள்.

பாதை ஒற்றையடிப் பாதை. மூங்கில் புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. தேசிகன் கோலை ஊன்றி உற்சாகமாக முன்னால் போனார். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் கேட்டார், நல்லதம்பி சொன்னார். முதல் திருப்பம் தாண்டி அவர்கள் மறைந்ததும் மாலினி இளவேனிலின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சத்தியமா இது உங்க இடம்னு எனக்குத் தெரியாதுடி. பச்சைமலைன்னு மட்டும்தான் நீ சொல்லியிருக்க."

"தெரியாத மாதிரி நடிச்சியே, அது எதுக்கு?"

"அம்மா எதிர்ல வேற என்ன பண்றது? உனக்கு மஞ்சக்காமாலை."

"என்னது?"

மாலினி மூச்சு வாங்கச் சொன்னாள். இளவேனில் காணாமல் போன வாரம் கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பான டோரதி மேடம் கோபமாக விசாரித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்களாம். மாலினி அன்றைக்கே வீட்டிலிருந்து மேடத்துக்குப் போன் செய்து, இளவேனிலுக்கு மஞ்சள் காமாலை, ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டாள்.

"நான் உன்னைக் கேட்டேனா?"

"கேக்கல. நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் உன்னை ராஜகோபுரத்துக்கிட்ட பார்த்தேன். லேப் கோட்டைக் கையில சுருட்டி வெச்சுண்டு நின்னுண்டிருந்த. கூப்பிடலாம்னு வந்தேன். உன் முகத்தைப் பார்த்துட்டுக் கூப்பிடலை. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரலை."

இளவேனில் அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். மூங்கில் இலைகள் காற்றில் உரசின.

"அதுகூடப் பரவாயில்லைடி. நான் போன்ல பேசினதை அம்மா கேட்டுட்டா. தயிர்சாதம் வாங்கிச் சாப்பிடற பொண்ணாச்சே, தனியா மலைமேல காமாலையோட கிடக்கறாளேன்னு ஒரே புலம்பல். அப்பாவும் டெண்ட், டெண்ட்னு குதிச்சிண்டிருந்தாரா, ரெண்டு பேருமாச் சேர்ந்து கிளம்பிட்டா. நாளைக்குக் காலம்பற உன் வீட்டைக் கண்டுபிடிச்சுப் பார்த்துட்டுப் போறதா ஏற்பாடு. கார்ல ஒரு கட்டுக் கீழாநெல்லி இருக்கு."

இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்கம்மா இப்ப எங்கம்மாகூடத்தானே இருக்காங்க?"

"ஆமா."

"ரெண்டு பேரும் தனியா."

மாலினி வாயைத் திறப்பதற்குள் இளவேனில் கீழே ஓடத் தொடங்கியிருந்தாள். மூன்று வாரமாக அவள் கால்கள் எதற்காகத் தவித்தனவோ, அந்த ஓட்டம் இப்போது அவற்றுக்குக் கிடைத்தது. கல்லில் தடுக்கினாள். முள்ளில் துப்பட்டா மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெண்களும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாளின் மடியில் ஈரத்துணியில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டு இருந்தது.

"அட, இவதானா இளவேனில்?" என்று பூமா எழுந்து வந்தாள். "வேணி, வேணின்னு கூப்பிட்டுண்டிருந்தாங்களா, எனக்குத் தோணவேயில்லை. இந்தப் பக்கம் இளவேனில்னு ஒரு பொண்ணு இருக்காளாமேன்னு கேட்டேன், எங்க பொண்ணுதாங்கன்னு உங்கம்மா சொல்றா. இந்த மாலினியும் வாயைத் திறக்கலை பாரு. காமாலை உடம்போட இப்படியா ஓடி வர்றது?"

இளவேனில் அம்மாவைப் பார்த்தாள். ராக்கம்மாளின் முகம் கல்போல இருந்தது.

"இப்ப பரவால்லைங்க அவளுக்கு. நல்லா தேறிட்டா" என்றாள் ராக்கம்மாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

பூமா இளவேனிலை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் மஞ்சள் இருக்கு. முழுசாப் போகலை. இன்னும் பத்து நாள் எண்ணெய் கூடாது, காரம் கூடாது. நாளைக்கு விடியற்காலம் வெறும் வயத்துல கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து நானே தரேன்."

அன்று சாயங்காலம் மற்றவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைக் காரச் சட்னியோடு சாப்பிட்டார்கள். கொண்டுவந்த புளியோதரையை மறந்து தேசிகன் இரண்டு முறை கிழங்கு கேட்டு வாங்கினார். இளவேனிலுக்கு மட்டும் பூமா தன் பாத்திரத்திலிருந்து தயிர்சாதத்தை எடுத்து, நிறைய மோர் விட்டு, உப்பில்லாமல் கரைத்துக் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "உக்காந்து சாப்பிடு, எங்க எழுந்துக்கற?" என்று இரண்டு தடவை தோளைப் பிடித்து அமர்த்தினாள். அந்தக் கை கனமாகவும் இதமாகவும் இருந்தது. இளவேனிலுக்கு அங்கிருந்து எழுந்து ஓடினால் போதும் என்றிருந்தது. எதிரே மாலினி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதம்பிக்கு எதுவும் தெரியவில்லை. மகளுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ராக்கம்மாள் அன்றைக்கு மகளிடம் ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது இருவரும் ஊற்றடியில் பாத்திரம் தேய்த்தார்கள். பனி இன்னும் புல்லில் இருந்தது. குண்டானைத் தேய்த்துக்கொண்டே ராக்கம்மாள் ஆரம்பித்தாள்.

"யாரு அவன்?"

"எவனும் இல்லம்மா."

"யாராச்சும் தப்பா நடந்துக்கிட்டாங்களா? ஆஸ்பத்திரியில?"

"இல்லம்மா. யாரும் ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் என்னதான்டி?"

இளவேனில் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். இறங்காமல் உட்கார்ந்திருந்தது, பாலம், கோபுரம், திரும்பவும் பஸ். சொல்லும்போது அவளுக்கே அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. ராக்கம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கண் கலங்கியது. அழுகையைவிடக் கோபம்தான் அதில் அதிகம்.

"இறங்கலைன்னா இறங்கலை. அது எனக்குப் புரியல, புரியாட்டிப் போவுது. ஆனா மூணு வாரமா நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே என் மொகத்தைப் பார்த்துப் பொய் சொன்னியே. நேத்து அந்தம்மா கேக்கறாங்க, உங்க பொண்ணுக்குக் காமாலை எப்படி இருக்குன்னு. எனக்கு என்ன எதுன்னு ஒண்ணும் தெரியாது. என் பொண்ணு எங்கிட்டச் சொல்லலன்னு ஊரான் எதிர்ல சொல்ல எனக்கு வாய் வருமா? தேறிட்டான்னு சொல்லிட்டேன். என்னையும் பொய் சொல்ல வெச்சுட்ட."

இளவேனில் தேய்த்த கரண்டியையே மறுபடி தேய்த்தாள்.

"சரி, இங்க வந்து நல்லா இருக்கியா? அதையாச்சும் சொல்லு. நீ வந்த நாள்லேர்ந்து ஒரு எடத்துல ஒக்காந்து நான் பாக்கல. ரொப்பின கொடத்தைக் கொட்டிக் கொட்டி ரொப்புற."

"இங்கயும் அப்படித்தாம்மா இருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. நகரம் பிடிக்கவில்லை, லேப் பிடிக்கவில்லை, அதனால்தான் ஓடிவந்தோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எது துரத்தியதோ அது கூடவே பஸ் ஏறி மலைக்கும் வந்துவிட்டிருந்தது.

ராக்கம்மாள் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். அந்தம்மாகிட்ட நீ சொல்லு. என்னால முடியாது."

கொட்டகையில் பூமா ஏற்கெனவே எழுந்து குளித்து நெற்றியில் இட்டுக்கொண்டு, ராக்கம்மாளின் அம்மியில் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்து டம்ளரை நீட்டினாள். மாலினி டெண்டிலிருந்து வந்து தூண் ஓரம் நின்றாள்.

"மூச்சைப் பிடிச்சிண்டு ஒரே மடக்கா குடிச்சுடு."

இளவேனில் டம்ளரை வாங்கவில்லை. "எனக்குக் காமாலை இல்லைங்கம்மா" என்றாள். "வரவே இல்லை. நான் காலேஜுக்குப் போகாம இருந்துட்டேன். போக முடியலை. எங்க வீட்லயும் பொய்தான் சொன்னேன்."

பூமா டம்ளரைப் பிடித்த கையோடு நின்றாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். மாலினி தலையைக் குனிந்துகொண்டாள். பூமாவின் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"தினம் பெருமாளைச் சேவிக்கறச்சே உன் பேரைச் சொல்லி வேண்டிண்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. "சரி. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். டெண்டுக்குப் பின்னால் மாலினியை அவள் கடிந்துகொள்ளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. தேசிகன் பல் தேய்த்துக்கொண்டே வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ நேத்திக்கு அந்தப் பொண்ணுக்குக் காரச் சட்னியைக் குடுக்காம விட்டுட்டோமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ராக்கம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு நல்லதம்பி கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது, "நாளைக்கு நான் கூட வரேன், வேணி. போய் மேடத்தைப் பாத்துப் பேசுவோம்" என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளை மிகவும் சங்கடப்படுத்தியது.

"இன்னிக்கே நான் போறேன்ப்பா. இவங்க கார்ல எடம் இருந்தா."

முடிவெடுத்துச் சொன்னதல்ல அது. இன்னொரு ராத்திரி அங்கே படுத்திருக்க முடியாது என்று தோன்றியது, வாய் சொல்லிவிட்டது. தேசிகன் பூமாவைப் பார்த்தார். பூமா, "வரட்டுமே, ஹாஸ்டல் வாசல்லயே விட்டுட்டுப் போனாப் போச்சு" என்றாள்.

ராக்கம்மாள் பையை எடுத்துக்கொண்டு கார்வரை வந்தாள். பூமாவுக்கு ஒரு சாக்குப் பையில் கிழங்கு கொடுத்தாள். மகளிடம், "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. எனக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கார் கிளம்புமுன் திரும்பி நடந்தாள்.

மலைப்பாதையின் வளைவுகளில் பூமாவுக்குத் தலை சுற்றியது. தேசிகன் ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, எலுமிச்சம்பழம் தேடினார். இளவேனில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கார் நின்றதும் நெஞ்சில் பழைய படபடப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் முன்னால நடந்துக்கிட்டு இருக்கேன், வந்து ஏத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாலினி ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்மேல கோபமா?"

"தெரியல. கொஞ்சம்."

"நாளைக்கு லேபுக்கு வருவியா?"

"வரணும்னுதான் நெனக்கிறேன். அப்ப என்ன ஆகும்னு தெரியல."

இருவரும் சேர்ந்தே இறங்கி நடந்தார்கள். கீழே துறையூர்ப் பக்கத்து வயல்கள் வெயிலில் மின்னின. மூன்று வளைவு தாண்டிய பிறகு கார் வந்து பக்கத்தில் நின்றது. ஏறிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை டோரதி மேடம் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இளவேனில் காமாலை இல்லை என்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். நாட்கள் போனது போனதுதான், ஜூனியர் பிள்ளைகளோடு பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார்கள். இடையில் மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள்.

"வந்து சொல்றேன் மேடம்" என்றாள் இளவேனில். உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டே, மேடம் புதிய பயிற்சி அட்டையில் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.